மெத்தடாலஜி எதற்கு என்று கேட்பவர்களுக்கு

உளவியல் படிக்கும் பிள்ளைகளிடையே ஒரு பேச்சு வேரூன்றிவிட்டது. ஆளுமை, மனநோய், குழந்தை வளர்ச்சி, ஆலோசனை வழங்கும் முறை ஆகியவைதான் அசல் பாடங்களாம். ஆய்வு முறையியலும் புள்ளியியலும் நடுவில் வந்து வழிமறிக்கும் சங்கடங்களாம். ‘கவுன்சலிங் பண்ணப் போறவளுக்கு ஸ்டேண்டர்டு டீவியேஷன் எதுக்கு?’, ‘பி.எச்டி. போறவங்க படிச்சாப் போதும்’, ‘மெத்தடாலஜி பேப்பரை எப்படியாவது தாண்டிரு, அப்புறம் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்’ என்று சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஜூனியர்கள் அதைத் தங்கள் ஜூனியர்களுக்குச் சொல்கிறார்கள். வகுப்பெடுக்கும் ஆசிரியர்களில் சிலரும் இதையே கொஞ்சம் நாகரிகமான சொற்களில் சொல்கிறார்கள்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மாதிரியான ஊர்களில் இந்தப் பேச்சுக்கு மதிப்பு இன்னும் அதிகம். காரணமும் புரிகிறது. இந்த ஊர்ப் பிள்ளைகள் மதுரைக்கோ கோவைக்கோ சென்னைக்கோ போய் உளவியல் படிக்கிறார்கள். அல்லது வேலையில் இருந்தபடியே தபால் வழியில் படித்தார்கள். படித்து முடித்துப் பள்ளி ஆலோசகராகவோ, மருத்துவமனையிலோ, தொண்டு நிறுவனத்திலோ, மில்லின் பணியாளர் நலப் பிரிவிலோ சேர்வதுதான் அவர்களுடைய கனவு. ஆராய்ச்சி நிலையத்தில் உட்காரப் போகிறவர் அவர்களில் அபூர்வம். அப்படியிருக்க ஆராய்ச்சி முறை எதற்கு என்ற கேள்வி நியாயமாகவே படும்.

அது நியாயமில்லை. உளவியல் பட்டதாரி ஒருவர் தன்னந்தனியாக வேலை பார்க்கும் ஊரில்தான் முறையியல் அதிகம் தேவைப்படுகிறது. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை செய்பவர் தப்பாக ஒன்றைச் செய்தால், பக்கத்து அறையில் இருக்கும் மூத்தவர் திருத்துவார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரே ஆலோசகராக இருப்பவரைத் திருத்த யாரும் இல்லை. தான் செய்வது உதவுகிறதா, உபத்திரவம் செய்கிறதா என்று அவரே கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வழிக்குத்தான் ஆய்வு முறையியல் என்று பெயர்.

இதை இந்த ஊர்கள் இருக்கும் மாவட்டத்துக்கே உரிய ஒரு துயரத்தை வைத்துப் பார்க்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி பக்கம்தான். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் மீண்டும் ஒரு பெரிய விபத்து. இடையிலும் பின்னும் நடந்தவை பல. தீக்காயத்தோடு உயிர் தப்பியவரின் கட்டில் பக்கத்தில் போய் உட்காரும் இளம் ஆலோசகர் என்ன செய்வார்? எவருக்கும் சட்டென்று தோன்றுவது ஒன்றுதான்: நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்வது. மனதுக்குள் அடைத்து வைத்தால் புழுங்கும், கொட்டிவிட்டால் பாரம் இறங்கும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. 1980-களில் அமெரிக்காவில் இதற்கு ஒரு முறையான வடிவமே கொடுத்தார்கள். விபத்து நடந்த சில நாட்களுக்குள் ஒரே ஒரு அமர்வு. என்ன பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள், எப்படி உணர்ந்தீர்கள் என்று படிப்படியாகக் கேட்டு முழுவதையும் பேசவைப்பது. தீயணைப்பு வீரர்களிலிருந்து வங்கிக் கொள்ளையில் சிக்கியவர்கள் வரை பலருக்கும் அதைச் செய்தார்கள். அமர்வு முடிந்ததும் பலர் நன்றி சொன்னார்கள். நடத்தியவர்களுக்கும் நிறைவாக இருந்தது.

வேல்ஸில் ஜொனாதன் பிஸ்ஸன் என்ற மனநல மருத்துவரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. அவர்கள் எடுத்துக்கொண்டதும் தீக்காயம் பட்டவர்களைத்தான். 133 பேரைச் சீட்டுக் குலுக்குவது போலச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு அந்த அமர்வு உண்டு, மற்றவர்களுக்கு இல்லை. முடிவுகள் 1997-இல் வெளியாயின. 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, அமர்வு பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கு விபத்துக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் இருந்தது. பெறாதவர்களில் அது 9 சதவீதம்.

இந்த இடத்தில் முறையியல் தெரியாதவர் இரண்டு விதமாகத் தவறுவார். முதலாவது, இந்த எண்ணைக் கேட்காமலே தன் அனுபவத்தை நம்பி அமர்வைத் தொடர்வது. இரண்டாவது, எண்ணைக் கேட்டவுடன் ‘பேசவைப்பதே விஷம்’ என்று தாவுவது. முறையியல் படித்தவர் கட்டுரையை மேலும் படிப்பார். குலுக்கிப் பிரித்தும்கூட, அமர்வு பெற்ற குழுவில் தொடக்கத்திலேயே காயம் கடுமையாகவும் மனக்கலக்கம் கூடுதலாகவும் இருந்துவிட்டது என்று ஆய்வாளர்களே எழுதியிருப்பது அவர் கண்ணில் படும். ஆக 26-க்கும் 9-க்கும் இடையிலுள்ள வித்தியாசம் முழுவதையும் அமர்வின் தலையில் கட்ட முடியாது. அப்படியானால் இதே மாதிரி நடந்த வேறு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2002-இல் காக்ரன் அமைப்பின் தொகுப்பாய்வு அதைச் செய்தது. ஒற்றை அமர்வால் பின்னாளைய நோய் தடுக்கப்படுவதற்குச் சான்று இல்லை. தீங்கு நேரக்கூடும் என்பதற்குக் குறிகள் உண்டு. ஆகவே கட்டாயமாக நடத்துவதை நிறுத்த வேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் அந்த வழியில்தான் போகிறது. பேச வந்தால் கேளுங்கள், பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தண்ணீர், போர்வை, உறவினர் பற்றிய தகவல், அடுத்து எங்கே போவது என்ற வழி ஆகியவற்றை முதலில் பாருங்கள் என்பதே அதன் சாரம்.

இதில் எதையும் ‘அனுபவம்’ சொல்லிக்கொடுக்காது. கட்டில் பக்கம் உட்கார்ந்த ஆலோசகர் பார்ப்பது அன்று அழுது ஓய்ந்த முகத்தை. பதின்மூன்றாவது மாதம் நள்ளிரவில் திடுக்கிட்டு எழும் அதே மனிதரை அவர் பார்ப்பதில்லை. அமர்வே இல்லாமல் தானாகத் தேறியவர்களையும் அவர் சந்திப்பதில்லை. கண்ணில் படாத இந்த இரு கூட்டத்தையும் கணக்கில் கொண்டுவரத் தெரியாத ஆலோசகரிடம் எவ்வளவு அன்பு இருந்தாலும், அவருடைய நோயாளிக்கு அது பாதுகாப்பாகாது.

அடுத்து, மாணவர்களின் புராஜெக்ட்டுக்கு வருவோம். மெத்தடாலஜியைத் தாண்டிப் போகலாம் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பது அங்கேதான் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. ஷெல்டன் கோஹன் குழு 1983-இல் வெளியிட்ட மனஅழுத்த அளவுகோல் மாணவர்களின் செல்லப்பிள்ளை. பதினான்கு கேள்விகளில் தொடங்கியது. பின்னாளில் சுருக்கிய பத்துக் கேள்வி வடிவம்தான் இன்று அதிகம் புழங்குகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்கு 0 முதல் ‘மிக அடிக்கடி’ என்பதற்கு 4 வரை மதிப்பெண். ஆறு கேள்விகள் தொல்லையைக் கேட்பவை. மீதி நான்கும் ‘எல்லாம் கைக்குள் இருப்பதாக உணர்ந்தீர்களா?’ என்பது போல நல்லதைக் கேட்பவை. அவற்றுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாகப் போட வேண்டும். மொத்தம் 40. மாணவர்கள் வழக்கமாகப் பின்பற்றும் பிரிவுப்படி 13 வரை குறைவு, 14 முதல் 26 வரை மிதம், அதற்கு மேல் அதிகம்.

ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் ஓடுகின்றன. அங்கே ஒரு மாணவி இந்தத் தாளோடு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தறிச் சத்தத்தில் பாதி காதில் விழாது. கேட்பது படித்த பிள்ளை. பதில் சொல்பவருக்கு அந்தப் பிள்ளை மனம் கோணக்கூடாது, வேலையும் நிற்கக்கூடாது. முதல் கேள்விக்கு ‘சில நேரம் இருக்கும்மா’ என்கிறார். பத்துக்கும் அதே பதில். மாணவி கூட்டிப் போடுகிறார்: ஆறு கேள்விக்கு 12, தலைகீழான நான்குக்கு 8, மொத்தம் 20. மிதமான மனஅழுத்தம். அடுத்தவர் எல்லாவற்றுக்கும் ‘மிக அடிக்கடி’ என்கிறார்: 24 வருகிறது, மிதம். இன்னொருவர் எல்லாவற்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்கிறார்: 16, அதுவும் மிதம். கேள்வியைக் காதிலேயே வாங்காமல் பத்துக்கும் ஒரே கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போனால், அது எந்தக் கட்டமானாலும் 16 முதல் 24 வரைதான் விடை விழும். ஒருவர் மனதையும் தொடாமல் ‘பெரும்பாலான தொழிலாளர்களிடம் மிதமான மனஅழுத்தம் காணப்படுகிறது’ என்று முடிவுரை எழுதிவிடலாம்.

இதைக் கண்டுபிடிக்கப் பத்தாம் வகுப்புக் கூட்டல் கழித்தல் போதும். கண்டுபிடித்தவர் என்ன செய்வார்? தாள்களைத் தனித்தனியாக எடுத்து, பத்துக்கும் ஒரே பதில் வந்தவற்றை ஒதுக்குவார். நேர்க் கேள்விகளும் எதிர்க் கேள்விகளும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போகின்றனவா என்று பார்ப்பார். தறி ஓடாத நேரத்தில், மேஸ்திரி பக்கத்தில் நிற்காத இடத்தில், முதலில் பத்துப் பேரிடம் கேட்டுச் சோதித்துவிட்டுப் பிறகு பெரிய கணக்கெடுப்புக்குப் போவார். புத்தகத்தில் ‘நம்பகத்தன்மை’, ‘ஏற்புடைமை’, ‘முன்னோட்ட ஆய்வு’ என்று மனப்பாடம் செய்ய வைக்கப்படும் தலைப்புகள் அந்தத் தறித் தொழிலாளிக்கு எதிரில் நிற்கும்போது இப்படிப்பட்ட வேலைகளாக மாறுகின்றன.

சத்திரப்பட்டிக்குப் போகவே அலுத்துக்கொண்டு, கூகுள் ஃபார்மை வாட்ஸ்ஆப் குழுக்களில் போட்டு 120 சாம்பிள் சேர்ப்பவர்கள்தான் இன்று அதிகம். அதில் பதில் சொல்பவர்கள் மாணவியின் வகுப்புத் தோழிகளும் அவர்களுடைய தோழிகளும். முன்னணி உளவியல் இதழ்களைப் பரிசீலித்த ஜெஃப்ரி ஆர்னெட், 2008-இல் அமெரிக்க உளவியல் உலகத்தையே இதற்காகக் கடிந்துகொண்டார். உலக மக்கள்தொகையில் சுமார் 12 சதவீதம் உள்ள நாடுகளிலிருந்தே 96 சதவீத ஆய்வுப் பங்கேற்பாளர்கள் வருகிறார்கள், அவர்களிலும் கல்லூரி மாணவர்கள் ஏராளம் என்பது அவர் காட்டிய குறை. அந்தக் குறையை ராஜபாளையத்து மாணவி தன் வாட்ஸ்ஆப்பில் சின்ன அளவில் மறுபடி செய்கிறார்.

முறையியல் என்பதே மேற்கத்தியச் சரக்கு, நம் மண்ணின் மனதை அது பிடிக்காது என்று இன்னொரு வாதம் உண்டு. மெத்தடாலஜி வேண்டாம் என்பவர்கள் கொஞ்சம் கனமாகப் பேச விரும்பும்போது இதை எடுக்கிறார்கள். இதற்குப் பதில் விழுப்புரம், திருவண்ணாமலை கரும்புத் தோட்டங்களிலேயே இருக்கிறது.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பணக் கஷ்டம் மனிதனின் யோசிக்கும் திறனையே குறைக்கிறதா என்பது கேள்வி. ஏழையையும் பணக்காரரையும் ஒப்பிட்டால் படிப்பு, சத்துணவு, வளர்ப்பு என்று ஆயிரம் வித்தியாசங்கள் குறுக்கே வரும். அதனால் ஒரே மனிதரை இரண்டு நேரத்தில் சோதித்தார்கள். கரும்பு விவசாயிக்கு வருமானத்தின் பெரும்பகுதி வெட்டு முடிந்ததும் ஒரே தடவையாக வரும். வெட்டுக்கு முன் அடகும் கைமாற்றும். வெட்டுக்குப் பின் கையில் காசு. 54 கிராமங்களில் 464 விவசாயிகளுக்கு இரண்டு சமயத்திலும் சோதனை வைத்தார்கள். எழுத்தறிவு தேவைப்படாத சோதனைகள்: வடிவங்களில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பது ஒன்று. ‘5 5 5’ என்று காட்டி எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேட்பது இன்னொன்று. விடை மூன்று, ஆனால் வாய் ஐந்து என்று சொல்லத் துடிக்கும். அதே விவசாயிகள் வெட்டுக்கு முன்னால் மோசமாகவும் வெட்டுக்குப் பின்னால் நன்றாகவும் செய்தார்கள்.

இந்த ஆய்வின் அழகு முடிவில் இல்லை, அதற்கு எழக்கூடிய சந்தேகங்களை முன்கூட்டியே கேட்டுக்கொண்டதில் இருக்கிறது. இரண்டாம் முறை செய்வதால் பழகித் தேறிவிட்டார்களோ? அதற்காக 100 விவசாயிகளை முதல் சுற்றில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, வெட்டுக்குப் பிறகே முதன்முதலாகச் சோதித்தார்கள். வெயில், மழை, திருவிழா என்று பருவம்தான் காரணமோ? ஆலைகள் எல்லாருக்கும் ஒரே நாளில் வெட்டு உத்தரவு கொடுப்பதில்லை. மாதக் கணக்கில் முன்பின்னாக வரும். அதனால் ஒரே வாரத்தில் ஒருவர் வெட்டுக்கு முன்னும் இன்னொருவர் வெட்டுக்குப் பின்னும் இருப்பார்கள். பருவத்தின் மேல் பழி போட முடியாது. கட்டிங் ஆர்டருக்காகக் காத்திருந்து நொந்த விவசாயி யாருக்கும் தெரிந்த இந்தத் தாமதத்தை ஆய்வாளர்கள் தங்கள் சோதனையின் அச்சாணியாக்கிக்கொண்டார்கள். ஊரைத் தெரிந்தவருக்கே தோன்றக்கூடிய வடிவமைப்பு இது. வெளியான சில மாதங்களிலேயே அதே இதழில் வேறு ஆய்வாளர்கள் புள்ளியியல் கேள்விகளை எழுப்பினார்கள். இவர்கள் பதில் எழுதினார்கள். ராஜபாளையம் பக்கம் கரும்பு போடும் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் உளவியல் படித்தால், இந்தக் கட்டுரையை மூல வடிவில் வாசித்து மேலும் ஒரு சந்தேகத்தைக் கேட்கும் தகுதி அவருக்குத்தான் முதலில் உண்டு. மெத்தடாலஜி வேண்டாம் என்பவர்கள் அந்தத் தகுதியை அவர் கையிலிருந்து பிடுங்குகிறார்கள்.

கோயிலையும் முறையியல் தொட்டிருக்கிறது, மரியாதையோடு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியபோது, வழிபாட்டிடங்களில் தங்கிக் குணம் தேடுவது முழுவதுமே குற்றவாளிக் கூண்டில் ஏறியது. அடுத்த ஆண்டு ரகுராம் குழுவினர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை வந்தபோதும் கிளம்பும்போதும் மனநோய் அளவுகோலால் மதிப்பிட்டிருந்தார்கள். நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. பக்தருக்கு இது போதும். பகுத்தறிவாளருக்கு இது கண்ணிலேயே படாது. உளவியல் மாணவருக்கு இங்கே வேலை இருக்கிறது. கோயிலுக்குப் போகாத, அதே நிலையில் இருந்த ஒரு குழு ஒப்பீட்டுக்கு இல்லை. நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் குடும்பத்தார் கோயிலுக்குக் கூட்டி வருகிறார்கள். உச்சத்தில் இருப்பது எதுவும் செய்யாமலே சற்று இறங்கவும் கூடும். இறக்கத்தில் எவ்வளவு கோயிலுக்குச் சேரும், எவ்வளவு காலத்துக்குச் சேரும்? இதைக் கேட்பது கோயிலை இழிவுபடுத்துவதாகாது. சங்கிலி போட்ட இடத்தையும் அன்பாகத் தங்கவைத்த இடத்தையும் ஒரே தராசில் போடாமல் பிரித்துப் பார்க்க இந்தக் கேள்விகளை விட்டால் வேறு வழி இல்லை.

எண்களைப் பற்றிய பயத்துக்கு வருவோம். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினரின் நகர்ப்புற ஆய்வு 25,455 பேரிடம் கேட்டு, மனச்சோர்வு 15.1 சதவீதம் என்று 2009-இல் சொன்னது. நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16-இல் நாடு தழுவிய அளவில் நடப்பு மனச்சோர்வு 2.7 சதவீதம் என்றது. தமிழ்நாடும் அதில் உண்டு. பெற்றோர் கூட்டத்தில் பேச அழைக்கப்பட்ட ஆலோசகர் இரண்டில் எதைச் சொல்வார்? மெத்தடாலஜியை ஒதுக்கியவர் பயமுறுத்தும் எண்ணைச் சொல்வார், அல்லது கூகுளில் முதலில் வந்ததைச் சொல்வார். முதலாவது ஆய்வு ஒரு சுருக்கமான கேள்வித்தாளை வைத்துக் குறிகளை அரித்தெடுத்தது. இரண்டாவது, நோய் வரையறைக்கேற்ற கட்டமைத்த நேர்காணலை நடத்தியது. அரித்தெடுப்பில் வாட்டத்தில் இருப்பவரும் சிக்குவார்; நேர்காணலில் நோய் என்ற கோட்டைத் தாண்டியவரே எண்ணப்படுவார். ஊரும் ஆண்டும் வயதும்கூட வேறு. இரண்டும் பொய்யில்லை, இரண்டும் ஒன்றையே அளக்கவுமில்லை.

கணக்கு வராது என்பவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு பாடம் நடத்தலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவைப் பற்றி ஊரில் ஒரு வாதம் உண்டு: விறகடுப்பில் கிண்டியதையும் கேஸ் அடுப்பில் கிண்டியதையும் நாக்கில் வைத்தவுடனே சொல்லிவிடலாம் என்பார்கள். சோதித்துப் பார்க்கலாம். எட்டுக் கிண்ணங்கள், நான்கில் விறகடுப்பு, நான்கில் கேஸ். ஒரே நிறம், ஒரே சூடு, வரிசை குலுக்கல் முறையில். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் இருக்கின்றன. ஒன்றுதான் முழுக்கச் சரி. நாக்கு எதையும் அறியாமல் குருட்டாம்போக்கில் சொன்னாலும் எல்லாம் சரியாக வர 70-இல் ஒரு வாய்ப்பு உண்டு, நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. அப்படிச் சொல்லிவிட்டால் ஆளை நம்பலாம். நான்கில் மூன்றைச் சரியாகப் பிடித்தால்? சும்மா சொன்னாலே அந்த அளவோ அதைவிட மேலோ வர 70-இல் 17 வாய்ப்பு, ஏறத்தாழ நூற்றுக்கு 24. நம்ப முடியாது. ரொனால்டு ஃபிஷர் இங்கிலாந்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற அறிவியலாளரின் தேநீர் ரசனையைச் சோதித்த கதையிலிருந்து 1935-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் எழுதியது இந்தக் கணக்கைத்தான். மாணவர்களை மிரட்டும் ‘பி மதிப்பு’ இவ்வளவுதான்.

கிண்ணத்தை நீட்டுபவருக்கும் எது எது என்று தெரியக்கூடாது. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல் கணக்குக்குக் குளம்பைத் தட்டி விடை சொன்னதை ஊரே நம்பியது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்து 1907-இல் உண்மையைச் சொன்னார்: விடை தெரிந்தவர் எதிரில் நின்றால்தான் குதிரைக்கு விடை வரும். சரியான எண் வந்ததும் அவருடைய தலை தன்னையறியாமல் அசைவதைக் குதிரை பார்த்துவிடும். இந்த ஒரு பாடம் தெரியாததால், எண்பது தொண்ணூறுகளில் பேச்சு வராத ஆட்டிசக் குழந்தைகளின் கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் ‘அவர்களே எழுதுகிறார்கள்’ என்று பல நாடுகளில் பெற்றோரை நம்பவைத்தார்கள். குழந்தைக்கு ஒரு படம், கைபிடிப்பவருக்கு வேறொரு படம் என்று காட்டிச் சோதித்தபோது, எழுதப்பட்டது கைபிடிப்பவர் பார்த்த படம். இன்றும் புதுப் பெயர்களில் அது பெற்றோரின் வாசலுக்கு வருகிறது. காசையும் நம்பிக்கையையும் கொட்டுவதற்கு முன் அந்தப் பெற்றோர் கேட்கப்போவது உள்ளூர் உளவியல் பட்டதாரியைத்தான்.

உளவியலாளர்களே தங்கள் முறையில் தோற்றவர்கள்தானே என்று ஒரு கெட்டிக்கார எதிர்வாதம் வரும். 2015-இல் நூறு ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் முன்பு போன்ற முடிவு கிடைத்தது என்பது உண்மை. அதைக் கண்டுபிடித்ததும் முறையியல்தான். தன் துறையின் நூறு ஆய்வுகளைத் தானே திரும்பச் செய்து முடிவைப் பகிரங்கமாகப் போடும் துணிச்சல் சோதிடத்துக்கோ, சுயமுன்னேற்றப் பேச்சுக்கோ வந்ததில்லை.

மெத்தடாலஜியைத் திட்டுபவர்கள் சொல்வதில் ஒன்று மட்டும் முழு உண்மை: அது கற்பிக்கப்படும் விதம் உயிரற்றது. மாதிரி எடுக்கும் முறைகள் எத்தனை வகைப்படும் என்று நோட்ஸ் கொடுப்பது, கடைசிப் பருவத்தில் அவசரமாகப் புராஜெக்ட், வெளியே ஓர் ஆளிடம் கூலிக்கு எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் கணக்குப் போட்டு வாங்குவது என்று அது ஓடுகிறது. தபால் வழியில் படித்தவர்களுக்கு அதுகூட இல்லை. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைதூர, இணைய வழிகளில் நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைத்த இந்த ஊர்ப் பெண்களுக்கு அது பெரிய இழப்பு. நேரடி வகுப்பை மட்டுமே வழியாக்கிய பிறகு, அந்த வகுப்பில் முறையியலை நோட்ஸாகவே தருவது அவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

வகுப்புக்கு வெளியே ஆய்வுக்கூடம் தயாராக இருக்கிறது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதல் இன்றுவரை நூற்பாலைதான் இந்த ஊரின் மூச்சு. தொழில்துறை உளவியலின் பிதாமகர்களில் ஒருவரான எல்டன் மேயோ 1923-இல் முதன்முதலாக இறங்கியதும் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு நூற்பாலைக்குள்தான். நூற்புப் பிரிவில் 40 பேரை வேலையில் வைத்திருக்க ஆண்டுக்கு 100 பேரை எடுக்க வேண்டியிருந்தது. மேயோ இடையிடையே ஓய்வு கொடுக்க வைத்தார், ஆட்கள் நிலைத்தார்கள். ஓய்வோடு சேர்ந்து போனஸ், அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்ட செவிலியர், முதலாளியின் அக்கறை என்று பலவும் அங்கே இருந்தன. எது வேலை செய்தது என்று பிரிக்க முடியவில்லை. நூறாண்டுக்குப் பிறகு ராஜபாளையத்து மாணவர் ஒருவர் அந்த முடிச்சில் ஒரு இழையையாவது பிரித்துப் பார்க்கலாம். இரவு ஷிஃப்டில் கவனம் எவ்வளவு குறைகிறது என்று ‘5 5 5’ அட்டைகளை வைத்தே அளக்கலாம். பாதிப் பேரை ஷிஃப்ட் தொடங்கும்போது முதலில், பாதிப் பேரை முடியும்போது முதலில் சோதித்தால் பழக்கத்தின் விளைவு கழிந்துவிடும்.

அதற்கு முன் அனுமதி. மில் நிர்வாகம் அனுப்பிவைக்கும் இருபது பேர் நிர்வாகத்துக்குப் பிடித்த இருபது பேராக இருப்பார்கள். சூப்பர்வைசர் காதில் விழும் தூரத்தில் எவரும் ‘களைப்பாக இருக்கிறது’ என்று சொல்லமாட்டார்கள். விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்ணால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியுமா? சொன்னால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று யார் உறுதி கொடுப்பது? மேலதிகாரிக்குக் கீழ் இருப்பவர்களின் சம்மதத்தைக் கூடுதல் கவனத்தோடு பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்வது இதனால்தான். அந்த வரியின் கனம் மில் வாசலில் நின்றால் ஒரே நாளில் ஏறும்.

கைடுகளும் வைவா எடுக்க வரும் வெளித் தேர்வாளர்களும் வருகிற பருவத்திலிருந்தே இரண்டு கேள்விகளைக் கட்டாயமாக்கலாம்: உங்கள் ஆய்வில் யாரெல்லாம் பதில் சொல்லவில்லை, ஏன்? உங்கள் முடிவு தப்பாக இருந்தால் அது உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் இவற்றுக்கென ஒரு பக்கம் ஒதுக்கச் சொன்னால் போதும். அதற்கு மென்பொருளும் வேண்டாம், கூலிக்கு ஆளும் வேண்டாம்.